மூக்கு லாரி, மொட்டை லாரி: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கால ஏழு வருஷம், அப்புறம் வீட்டம்மா வேலை மாறுனதால நெதர்லாந்து வென்லோ பக்கம் வந்து அஞ்சு வருஷம், ரெண்டு இடத்துலயும் டிரெய்லர் ஓட்டின கதையை போன இதழ்ல எழுதினதும் எழுதினேன், கேள்வியா வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் பதில் போட இடம் இல்ல, அதனால திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்குறேன்.

கேள்வி: என் பையன் நாள் பூரா கம்ப்யூட்டர்ல லாரி ஓட்டுற கேம்தான் ஆடுறான். அதுல அமெரிக்க வண்டிக்கு மட்டும் முன்னாடி நீளமா மூக்கு இருக்கு, ஐரோப்பா வண்டி நம்ம ஊர் வண்டி மாதிரி மொட்டையா இருக்கு. ஏம்பான்னு கேக்குறான், எனக்கு சொல்லத் தெரியல. (ஒரு அப்பா, சேலம்)

பதில்: பையன் கேட்டதுதான் சார் முதல் கேள்வி, இதுக்கு பதில் தெரிஞ்சா மீதி பாதி தானா புரிஞ்சிரும். எல்லாம் டேப்பை எங்க வச்சு அளக்குறான்ங்குறதுல இருக்கு. ஐரோப்பால முன் பம்பர்ல ஆரம்பிச்சு பின் கதவு வரைக்கும் மொத்த செட்டையும் அளப்பான், 16.5 மீட்டர், அவ்ளோதான். அதுல டிரெய்லருக்கு 13.6 மீட்டர் போயிரும், ஏன்னா யூரோ பேலட்னு சரக்கு அடுக்குற மரப்பலகை 33 ஏறணும், ஒண்ணு கொறைஞ்சாலும் லோடு குடுக்குறவன் அடுத்த வண்டியை கூப்பிட்டுருவான். மிச்சம் மீதி இருக்குற இடத்துலதான் இன்ஜின், ஸ்டீரிங், டிரைவர், அவன் படுக்கை எல்லாம் அடங்கணும். மூக்கு வச்சா பேலட் குறையும், அதனால டிரைவரைத் தூக்கி இன்ஜின் தலைமேல உக்கார வச்சுட்டாங்க.

அமெரிக்காலயும் ஒரு காலத்துல இதே மொட்டை வண்டிதான் நிறைய ஓடுச்சு, ஏன்னா அங்கயும் நிறைய மாநிலத்துல மொத்த நீளத்தைதான் அளந்துட்டு இருந்தாங்க. 1982-ல ஒரு சட்டம் வந்துச்சு, பெரிய ரோட்டுல இனிமே டிரெய்லரை மட்டும் அளங்க, இழுக்குற வண்டி எவ்ளோ நீளமா இருந்தா என்னன்னு. அவ்ளோதான், மூக்கு திரும்பி வந்துருச்சு, மொட்டை வண்டி கொஞ்சம் கொஞ்சமா காணாம போச்சு. இப்போ அங்க சாதாரணமா ஓடுற டிரெய்லர் 53 அடி, அதாவது 16.15 மீட்டர். பையன்கிட்ட இதை சொல்லுங்க: ஐரோப்பால வண்டியும் டிரெய்லரும் சேர்த்து என்ன நீளமோ, கிட்டத்தட்ட அதே நீளம் அமெரிக்கால வெறும் டிரெய்லர் மட்டும்.

இன்னொண்ணு, ஐரோப்பா வண்டி 12.5 மீட்டர் ஆரம் உள்ள வட்டத்துக்குள்ள சுத்தி வந்துரணும்னு சட்டம் இருக்கு. அதை நான் முதல்ல பேப்பர்ல படிச்சப்ப பெருசா எடுத்துக்கல. பெல்ஜியத்துல ஒரு சின்ன ஊர்ல சர்ச் கட்டடத்தை சுத்தி திரும்புற முக்குல, இந்தப் பக்கம் கண்ணாடிக்கும் சுவருக்கும் ஒரு கை அகலம், அந்தப் பக்கம் டிரெய்லர் டயர் நடைபாதையை நக்கிட்டு போகுது, பேக்கரிக்காரம்மா வாசல்ல நின்னு வேடிக்கை பாக்குது, அப்போ புரிஞ்சுது. என் பழைய அமெரிக்க வண்டியை அந்த ஊருக்குள்ள விட்டிருந்தா சர்ச்சை இடிச்சுதான் வெளிய எடுத்திருக்கணும்.

இப்போ ஐரோப்பாலயும் சட்டத்தை கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க, காத்து கிழிக்கிற மாதிரி முன்பக்கம் வளைவா செஞ்சா கொஞ்சம் கூடுதல் நீளம் குடுக்குறோம்னு. 2021-ல டாஃப் கம்பெனிதான் முதல்ல அப்படி ஒண்ணு விட்டான். மூக்குன்னு சொல்ல முடியாது, லேசா தாடை நீண்ட மாதிரி இருக்கும்.

கேள்வி: அப்போ அமெரிக்க வண்டிதான் அதிக பாரம் ஏத்துமா அண்ணே? (சங்ககிரி, டாரஸ் டிரைவர்)

பதில்: அதான் இல்ல தம்பி. பாக்கத்தான் பெருசு. அமெரிக்கால வண்டியோட சேர்த்து மொத்தம் 80,000 பவுண்டு, நம்ம கணக்குல 36.3 டன். ஐரோப்பால பொதுவா 40 டன், கன்டெய்னர் ரயில்ல மாத்துற மாதிரி லோடா இருந்தா 44 வரைக்கும். ஸ்வீடன்ல சில ரோட்டுல 74 டன், ஃபின்லாந்துல 76, மரக்கட்டை லோடு போறதை பாத்தா ரயில் ரோட்டுல ஏறிடுச்சோன்னு இருக்கும். அமெரிக்காலயும் விதிவிலக்கு உண்டு, மிச்சிகன்ல 11 ஆக்ஸில், அதாவது சக்கர அச்சு, போட்டா 1,64,000 பவுண்டு வரைக்கும் விடுவான்.

ஆக்ஸில் அமைப்பும் வேற மாதிரி. அமெரிக்க செட்டுல முன்னாடி ஒண்ணு, இழுக்குற இடத்துல ரெண்டு, டிரெய்லருக்கு கடைசில ரெண்டு, மொத்தம் 5, சக்கரம் 18. ஐரோப்பாலயும் 5-தான் ஆனா இழுக்குற வண்டிக்கு ரெண்டு, டிரெய்லருக்கு மூணு, அந்த மூணும் அகலமான ஒத்தை டயர்.

அமெரிக்கால மொத்த எடை சரியா இருந்தா மட்டும் போதாது, ஜோடி ஆக்ஸில் ஒண்ணுக்கு 34,000 பவுண்டுக்கு மேல வரக்கூடாது. அதனால டிரெய்லர் சக்கரத்தை முன்ன பின்ன நகர்த்துற மாதிரி தண்டவாளம் வச்சிருப்பான். லோடு ஏத்திட்டு டிரக் ஸ்டாப் எடை மேடைல ஏத்துவோம், சீட்டு வரும், பின் ஆக்ஸில் 34,600-ன்னு போட்டிருக்கும். உடனே டிரெய்லர் பிரேக்கை போட்டு, கம்பியை இழுத்து சக்கரத்தை பூட்டியிருக்குற பின்னை விடுவிச்சு, வண்டியை மெதுவா முன்னாடி எடுக்கணும், சக்கரம் அங்கயே நிக்கும், பெட்டி மட்டும் முன்னாடி நகரும். ரெண்டு மூணு ஓட்டை தள்ளி பின்னை மறுபடி பூட்டி, திரும்ப எடை. சொல்றதுக்கு ஈஸி. ஜனவரில ஒகையோல, துருவும் ஐஸும் சேர்ந்து அந்த பின் அசையவே அசையாது, சுத்தியலோட டிரெய்லருக்கு அடியில படுத்து கெட்ட வார்த்தை எல்லாம் தமிழ்லயே வரும். இதுல கலிஃபோர்னியா போற லோடா இருந்தா இன்னொரு தலைவலி, அங்க கிங்பின்ல இருந்து, அதாவது டிரெய்லரை வண்டியோட மாட்டுற முளைல இருந்து, கடைசி ஆக்ஸில் வரைக்கும் 40 அடிக்கு மேல தள்ளக்கூடாது.

ஐரோப்பா டிரெய்லர்ல சாதாரணமா இந்த கூத்தே கிடையாது. லோடை ஒழுங்கா அடுக்கறதோட சரி.

கேள்வி: வெளிநாட்டுல டிரைவருக்கு இவ்ளோ மணி நேரம்தான் ஓட்டணும்னு ரூல் இருக்காமே, நிஜமாவே ஃபாலோ பண்றாங்களா, இல்ல நம்ம ஊர் மாதிரிதானா? (நாமக்கல், லாரி உரிமையாளர்)

பதில்: ஃபாலோ பண்றாங்க சார், வேற வழி இல்ல, வண்டியே காட்டிக் குடுத்துரும். அமெரிக்கால 10 மணி நேரம் ரெஸ்ட் எடுத்துட்டு வேலைய ஆரம்பிச்சா 14 மணி நேரத்துக்கு ஒரு ஜன்னல், அதாவது ஓட்ட அனுமதிச்ச நேரம், திறக்கும், அதுக்குள்ள 11 மணி நேரம் ஓட்டலாம். 8 மணி நேரம் ஓட்டினா அரை மணி நேரம் நிறுத்தணும். 8 நாளைக்கு 70 மணி நேரம் வேலை, அதுக்கு மேல போனா ஓட்டக்கூடாது, 34 மணி நேரம் சேர்ந்தாப்புல ரெஸ்ட் எடுத்தா கணக்கு முதல்ல இருந்து ஆரம்பிக்கும். முன்னாடி எல்லாம் பேப்பர் நோட்டுல நாமளே கோடு போட்டு எழுதுறது, அதுல எழுதுறது பாதி கதைதான்னு எல்லாருக்கும் தெரியும். 2017 டிசம்பர்ல இருந்து எலக்ட்ரானிக் லாக் கட்டாயம் ஆச்சு, இன்ஜினோட இணைச்ச மெஷின், சக்கரம் உருண்டா அது எழுதிக்கும்.

ஐரோப்பால ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நின்னே ஆகணும், வேணும்னா முதல்ல 15, அப்புறம் 30-ன்னு பிரிக்கலாம், மாத்தி 30-15 எடுத்தா செல்லாது, ஃபைன். வாரத்துக்கு 56, ரெண்டு வாரம் சேர்த்து 90 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது. எல்லாம் டாகோகிராஃப்னு நேரத்தை பதியுற மெஷின்ல டிரைவர் கார்டு சொருகி பதிவாகுது. ஜெர்மனில செக்கிங் ஆபீசர் ஒருத்தர், கார்டை வாங்கி லேப்டாப்ல போட்டு, மூணு வாரம் முன்னாடி செவ்வாய்க்கிழமை நான் 43 நிமிஷத்துல வண்டிய எடுத்ததை கேட்டார். ரெண்டு நிமிஷம். எனக்கே ஞாபகம் இல்ல.

ஆனா நான் ரெண்டையும் வாழ்ந்து பாத்தவன், என்னை கேட்டா கொடுமை அமெரிக்க 14 மணி நேர ஜன்னல்தான். அது ஆரம்பிச்சா நிக்காது. டிராஃபிக்ல நின்னாலும் ஓடுது, குடோன்ல லோடு இறக்க காத்திருந்தாலும் ஓடுது, தூக்கம் வருதேன்னு ரெண்டு மணி நேரம் கண் அசந்தாலும் ஓடுது. 2020-ல கொஞ்சம் மாத்துனாங்க, படுக்கைல ரெண்டு மூணு மணி நேரம் இருந்தா அதை கழிச்சுக்கலாம்னு, ஆனா அந்த கணக்கு புரிய தனியா ஒரு டிகிரி வேணும். ராத்திரி ஒன்பது மணி, இன்னும் 20 நிமிஷம் பாக்கி, டிரக் ஸ்டாப் ஃபுல், ரெஸ்ட் ஏரியா ஃபுல், ஹைவேல இருந்து இறங்குற சரிவுல வரிசையா நிக்கிற வண்டிக்கு பின்னாடி நாமளும் ஓரம் கட்டி, பக்கத்துல 70 மைல் வேகத்துல போறவன் ஆட்டுற ஆட்டத்துல படுத்துக்க வேண்டியதுதான். 2009-ல ஒரு டிரைவர் நிறுத்த இடம் கிடைக்காம மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்தி தூங்கினவரை கொள்ளைக்காரன் சுட்டுட்டான். அவர் பேர்ல 2012-ல ஜேசன்ஸ் லான்னு ஒரு சட்டமே வந்துச்சு. இடம் என்னமோ இன்னும் பத்தலை.

கேள்வி: ஜெர்மனில ஞாயித்துக்கிழமை லாரியே ஓடாதாமே?

பதில்: ஓடாது. சனி ராத்திரி 12-ல இருந்து ஞாயிறு ராத்திரி 10 வரைக்கும் ஏழரை டன்னுக்கு மேல உள்ள வண்டிக்கு தடை, பால், கறி, மீன், காய்கறி மாதிரி கெட்டுப்போற சரக்குக்கு விதிவிலக்கு உண்டு. ஜூலை, ஆகஸ்ட்ல சில ஆட்டோபான்ல, அதாவது ஜெர்மன் ஹைவேல, சனிக்கிழமை பகல்லயும் தடை. ஆஸ்திரியால சனி மதியம் 3 மணிக்கே கடையை சாத்திருவான். சுவிஸ்ல தினமும் ராத்திரி 10-ல இருந்து காலைல 5 வரைக்கும் ஓட்டக்கூடாது.

ஞாயிறு ராத்திரி ஜெர்மன் ரெஸ்ட் ஏரியா ஒண்ணுல நின்னு பாக்கணும். பகல் பூரா ஊர் அடங்கின மாதிரி இருக்கும், துணி காயப்போட்டிருப்பான், ஒருத்தன் முடி வெட்டிக்கிட்டு இருப்பான். ஒன்பதரைக்கு மேல திரைச்சீலை ஒண்ணொண்ணா விலகும், காபி வாசனை வரும், பத்து அடிச்சதும் நூறு இன்ஜின் ஒரே நேரத்துல உறுமும் பாருங்க. எங்க ஊர்ல தேர் நிலைய விட்டு கிளம்பறப்பதான் அப்படி ஒரு உணர்ச்சி எனக்கு வந்திருக்கு.

அமெரிக்கால நாடு முழுக்க இப்படி ஞாயிறு தடைன்னு ஒண்ணு கிடையாது. கிறிஸ்மஸ் அன்னிக்கும் ஓட்டியிருக்கேன்.

கேள்வி: சம்பளம் எங்க ஜாஸ்தி? மைலுக்கு காசுன்னு சொல்றாங்களே, நம்ம நடை கணக்கு மாதிரியா? (கரூர்)

பதில்: கிட்டத்தட்ட அதேதான். அமெரிக்கால தூர ஓட்டம் ஓடுறவங்க நிறைய பேருக்கு மைல் கணக்கு. சக்கரம் உருண்டா காசு, நின்னா இல்ல. காத்திருக்குறதுக்கு காசு, ஹால்டிங் சார்ஜ்னு நம்ம ஊர்ல சொல்றோமே, அது அங்கயும் உண்டு, பெரும்பாலும் முதல் ரெண்டு மணி நேரம் ஃப்ரீ, அதுக்கப்புறம்தான் மீட்டர் ஓடும், அந்த காசும் டிரைவர் கைக்கு முழுசா வருமான்னு கேக்காதீங்க. ஒரு தடவை ஒரு குளிர்பதன குடோன்ல, பேர் வேணாம், கோழி லோடோட விடியக்காலை நாலு மணிக்கு அப்பாயின்ட்மென்ட், நான் மூணேமுக்காலுக்கே போய் நின்னேன், இறக்கி முடிச்சப்ப பத்தரை. நடுவுல டாய்லெட் கேட்டதுக்கு டிரைவர்களுக்கு இல்லன்னு போர்டை காட்டினாங்க. அன்னிக்கு என் 14 மணி நேரத்துல பாதி அங்கயே போச்சு, அடுத்த லோடு இன்னொருத்தனுக்கு போச்சு. 1938-ல போட்ட தொழிலாளர் சட்டத்துல ஓவர்டைம் நிறைய பேருக்கு உண்டு, மாநிலம் விட்டு மாநிலம் போற லாரி டிரைவருக்கு கிடையாது, அது இன்னிக்கும் அப்படியே இருக்கு.

இருந்தாலும் காசு அங்கதான் ஜாஸ்தி, மறைக்க ஒண்ணும் இல்ல. அரசாங்க கணக்குப்படி 2024-ல பெரிய லாரி டிரைவரோட நடுமட்ட சம்பளம் வருஷத்துக்கு 57,000 டாலருக்கு மேல. சொந்த வண்டி வச்சு ஓட்டினா இன்னும் மேல போகலாம், கீழயும் போகலாம். 1980-க்கு முன்னாடி எந்த கம்பெனி எந்த ரூட்ல போகணும், என்ன ரேட் வாங்கணும்னு எல்லாம் அரசாங்கம்தான் முடிவு பண்ணுச்சு, ஜனாதிபதி கார்ட்டர் காலத்துல அதை அவுத்து விட்டாங்க. அதுக்கப்புறம் யார் வேணா கம்பெனி போடலாம்னு ஆச்சு, இப்போ அங்க 10 கம்பெனில 9 கம்பெனிக்கு 10 வண்டிக்கு மேல கிடையாது. நாமக்கல்காரங்களுக்கு இது புதுசா தெரியாது. ரேட் ஏறினா எல்லாரும் வண்டி வாங்குவான், இறங்கினா எல்லாரும் வண்டி விப்பான். பெருசுங்களும் தப்பறதில்ல, யெல்லோன்னு ஒரு பழைய கம்பெனி 2023-ல மூடினப்ப 30,000 பேருக்கு வேலை போச்சு. கம்பெனியே வண்டியை வாடகைக்கு குடுத்து, தவணை கட்டி முடிச்சா உனக்கேன்னு ஒரு ஸ்கீம் உண்டு, அந்த பக்கமே போகாதீங்க. கட்டி முடிச்சு வண்டிய சொந்தமாக்கினவனை நான் ரெண்டு பேர்தான் பாத்திருக்கேன், விட்டுட்டு ஓடினவனை எண்ணல.

ஐரோப்பால கிலோமீட்டர் கணக்குல காசு குடுத்து டிரைவரை விரட்டக்கூடாது, ரோடு பாதுகாப்புக்கு ஆபத்து வர்ற மாதிரி இருந்தா அது சட்டப்படி தப்பு. மாச சம்பளமோ மணிக்கணக்கோதான் பொதுவா. ஆனா இதுல ஒரு சூட்சுமம். ஒரே ரோடு, ஒரே லோடு, ஆனா டச்சு கம்பெனி டிரைவருக்கு ஒரு சம்பளம், லிதுவேனியா கம்பெனி டிரைவருக்கு வேற. கிழக்கு ஐரோப்பா நாட்டு கம்பெனிகள்ல அடிப்படை சம்பளம் கொஞ்சமா வச்சு மீதியை நாள் பேட்டாவா குடுப்பான். உடம்புக்கு முடியாம படுத்தா பேட்டா இல்ல, பென்ஷன்லயும் அது சேராது. நம்ம ஊர் டிரைவர்களுக்கு பேட்டாவோட அருமையும் தெரியும், அநியாயமும் தெரியும்.

2023-ல ஜெர்மனில கிராஃபென்ஹவுசன்னு ஒரு ரெஸ்ட் ஏரியால ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் டிரைவர்கள் வண்டிய வரிசையா நிறுத்திட்டு ஸ்ட்ரைக் பண்ணாங்க. ஒரு போலந்து கம்பெனி சம்பள பாக்கி வச்சிருந்துச்சு. அந்த வருஷமே ரெண்டு தடவை நடந்துச்சு, வாரக்கணக்குல அங்கயே கிடந்தாங்க, பணம் வாங்கிட்டுதான் கிளம்பினாங்க. நான் அந்த வழியா போனப்ப ஹார்ன் அடிச்சுட்டு போனேன், அதுக்கு மேல என்னால என்ன பண்ண முடியும். இந்த மாதிரி கொடுமையை சரி பண்ணதான் ஏற்கனவே 2020-ல ஒரு கட்டு சட்டம் போட்டாங்க, நாலு வாரத்துக்கு ஒருக்க டிரைவர் வீட்டுக்கு போக கம்பெனி ஏற்பாடு பண்ணணும், வாராந்திர முழு ரெஸ்ட் 45 மணி நேரத்தை கேபின்ல கழிக்கக்கூடாது, ரூம் போட்டு குடுக்கணும்னு. சட்டம் இருக்கு. சனிக்கிழமை ரெஸ்ட் ஏரியாக்கு போய் பாத்தா கேபின்ல ஆளும் இருக்கு.

கேள்வி: ஸ்கேனியா பெருசா, பீட்டர்பில்ட் பெருசா? எங்க ஸ்டாண்டுல இதுல அடிதடியே நடக்குது.

பதில்: அடிச்சுக்காதீங்கப்பா, பாதி பேர் சொந்தக்காரங்க. ஃப்ரைட்லைனர்னு அமெரிக்கால அதிகமா ஓடுற வண்டி ஜெர்மன் டைம்லரோடது, நம்ம ஒரகடத்துல பாரத் பென்ஸ் செய்றதும் அதே டைம்லர்தான். மேக் வண்டி வால்வோவோடது. இன்டர்நேஷனலை 2021-ல ஃபோக்ஸ்வாகன் குரூப் டிராட்டன் வாங்கிடுச்சு, ஸ்கேனியாவும் மேனும் அதே வீட்டுப் பிள்ளைங்க. பீட்டர்பில்ட், கென்வொர்த் ரெண்டும் பாக்கார்ங்குற அமெரிக்க கம்பெனி, அவன் பதிலுக்கு 1996-ல நெதர்லாந்து டாஃபை வாங்கிட்டான்.

கேள்வி: பாதுகாப்பு எங்க அதிகம்? (பொறியியல் மாணவி, கோவை)

பதில்: ஐரோப்பா, யோசிக்காம சொல்லுவேன்மா. வண்டிக்கு 90 கிலோமீட்டர்ல பூட்டு, மிதிச்சாலும் போகாது. ஜெர்மனில சட்டப்படி 80-தான், எல்லாரும் 85-க்கு மேலதான் போறாங்க அது வேற. அமெரிக்கால கம்பெனியா விரும்பி பூட்டினாதான் உண்டு, சில மாநிலத்துல 75 மைல், நம்ம கணக்குல 120, அந்த வேகத்துல 36 டன் போகுது. கலிஃபோர்னியால லாரிக்கு 55 மைல்தான். தானா பிரேக் பிடிக்கிற சிஸ்டம் 2015-ல இருந்தே ஐரோப்பா புது லாரிகளுக்கு கட்டாயம். டிரெய்லருக்கு பக்கவாட்டுல தடுப்பு கம்பி அங்க கட்டாயம், சைக்கிள்காரன் உள்ள விழாம இருக்க. அமெரிக்கால பின்னாடி மட்டும்தான் கட்டாயம், பக்கவாட்டுல திறந்து கிடக்கும், கார் அப்படியே அடியில புகுந்துரும்.

90-ல பூட்டினதுல ஒரு காமெடி உண்டு. 89-ல போறவனை 90-ல போறவன் முந்துவான். மூணு கிலோமீட்டர் பக்கத்துல பக்கத்துல போவாங்க, பின்னாடி கார்காரன் எல்லாம் தலையில அடிச்சுக்குவான். ஜெர்மன்காரன் இதுக்கு யானைப் பந்தயம்னே பேர் வச்சிருக்கான்.

கேள்வி: லாரி ஊர்னு பேர் எடுத்தது அமெரிக்காதானே, அங்க ரயில்ல சரக்கு போகாதா?

பதில்: நீங்க நினைக்கிறதுக்கு நேர் எதிர். தூர சரக்குக்கு ரயிலை நல்லா பயன்படுத்துறது அமெரிக்காதான், கன்டெய்னர் மேல கன்டெய்னர் அடுக்கி மூணு கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் விடுவான். ஐரோப்பால 740 மீட்டர் ரயில் விடவே பல இடத்துல இடம் இல்ல, தண்டவாளம் பூரா பயணிகள் வண்டி. அதனால உள்நாட்டு சரக்குல முக்கால் பங்கு ரோட்டுலதான். ஆல்ப்ஸ் மலையை தாண்ட பிரென்னர் கணவாய் பக்கம் வந்து பாருங்க, சில நாள் ஆஸ்திரியாவோட டிரோல் மாநிலத்துக்காரன் மணிக்கு இத்தனை லாரின்னு எண்ணி எண்ணி விடுவான், நாம வரிசைல கிடப்போம்.

கேள்வி: என் மக லாஜிஸ்டிக்ஸ் படிச்சுட்டு டிரைவராவே போறேன்னு நிக்கிறா. குளிக்க, பாத்ரூம் போக எப்படி? ராத்திரி பயம் இல்லையா? (ஒரு அம்மா, மதுரை)

பதில்: நியாயமான பயம்தான்மா. வசதின்னு பாத்தா அமெரிக்கா மேல. அயோவா மாநிலம் வால்காட்ல அயோவா 80-ன்னு ஒரு டிரக் ஸ்டாப், 1964-ல ஆரம்பிச்சது, 900 லாரி நிக்கும், பல் டாக்டர், முடி வெட்டுறவர், சினிமா எல்லாம் உள்ளயே உண்டு. சாதாரண டிரக் ஸ்டாப்லயே டீசல் அடிச்சா குளியல் ஃப்ரீ, ரூம் உள்ள பூட்டிக்கலாம், டவல் குடுப்பான். கேபின் பின்னாடி ஒரு சின்ன ரூமே இருக்கும், ரெண்டடுக்கு படுக்கை, ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ். ஐரோப்பா கேபின்ல எழுந்து நிக்கலாம், அதோட சரி, படுக்கை சீட்டுக்கு பின்னாடியே. பாத்ரூமுக்கு ஜெர்மனில காசு போட்டாதான் கதவு திறக்குற இடம் நிறைய.

ராத்திரி பயம் ரெண்டு இடத்துலயும் உண்டு. ஐரோப்பால முக்கால்வாசி டிரெய்லர் தார்ப்பாய் திரை போட்டது, பக்கவாட்டுல ஃபோர்க்லிஃப்ட் வச்சு ஏத்த வசதி, அதே வசதி திருடனுக்கும். காலைல எழுந்து பாத்தா தார்ப்பாய்ல பிளேடால ஒரு கோடு, உள்ள என்ன இருக்குன்னு எட்டிப் பாத்த கிழிசல். எனக்கு மூணு தடவை ஆச்சு, மூணு தடவையும் உள்ள இருந்தது பூந்தொட்டி மண்ணு, பாவம் அவனுக்கு நேரம் சரியில்ல. பெண் டிரைவர்கள் ரெண்டு பக்கமும் ரொம்ப கம்மி, ஆனா நான் பாத்த வரைக்கும் ரிவர்ஸ் எடுக்குறதுல அவங்கதான் நிதானம். மகளை முதல்ல சாயங்காலம் வீடு திரும்புற உள்ளூர் ஓட்டத்துல சேரச் சொல்லுங்க.

கேள்வி: நான் 12 வருஷம் ஹெவி ஓட்டுறேன். ஏஜென்ட் ஒருத்தர் அமெரிக்கா விசாக்கு 8 லட்சம் கேக்குறார். போலாமா? (பேர் போடாதீங்க அண்ணே)

பதில்: குடுக்காதீங்க தம்பி. 2025 ஆகஸ்ட்ல லாரி டிரைவர்களுக்கு வேலை விசா குடுக்குறதையே அமெரிக்கா நிறுத்தி வச்சுட்டதா அவங்க வெளியுறவு மந்திரியே அறிவிச்சார். அதுக்கு முன்னாடியும் டிரைவர் வேலைக்குன்னு லேசான விசா வழி இருந்ததில்ல. அங்க ஓட்டுற பஞ்சாபி டிரைவர்களை காட்டி ஆசை காட்டுவாங்க, அவங்க பல பேர் வேற வழில போய் குடியேறி அப்புறம் லைசென்ஸ் எடுத்தவங்க. அவங்க புண்ணியத்துல ஹைவே ஓரத்துல தாபா இருக்கு, ராத்திரி ரெண்டு மணிக்கு அரிசோனால பராத்தா சாப்பிட்டிருக்கேன், அது வேற கதை. இங்கிலீஷ் தெரியணும்னு பழைய ரூல் ஒண்ணு இருந்தது, 2025 ஜூன்ல இருந்து ரோட்டுல நிறுத்தி பேச்சு குடுத்து பாத்து, தெரியலன்னா வண்டிய அங்கயே நிறுத்திடுறாங்க.

ஐரோப்பாக்கு வழி இருக்கு, போலந்து, லிதுவேனியா கம்பெனிகள் வெளி ஆளை எடுக்குறாங்க. ஆனா டிரெய்லர் ஓட்டுறதுக்கான சிஇ லைசென்ஸும் கோட் 95-ங்குற தொழில் பயிற்சியும் இல்லாம எவனும் சாவியை கையில குடுக்க மாட்டான். பயிற்சி குறைஞ்சது 140 மணி நேரம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருக்க 35 மணி நேரம். அது போக, ஐரோப்பாக்கு வெளிய இருந்து வந்த டிரைவர்னா கம்பெனி உங்க பேர்ல டிரைவர் சான்றுன்னு ஒண்ணு வாங்கணும். ஏஜென்ட்கிட்ட பணத்தை எண்ணுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: லைசென்ஸ், பயிற்சி செலவு யாரோடது, காகிதத்துல அடிப்படை சம்பளம் எவ்ளோ பேட்டா எவ்ளோ, எத்தனை வாரத்துக்கு ஒருக்க லீவு. மூணுக்கும் எழுத்துல பதில் வரலன்னா எழுந்து வந்துருங்க.

கேள்வி: சாப்பாடு? (கேட்டவங்க ஏராளம்)

பதில்: அமெரிக்கால இன்வெர்ட்டர் போட்ட வண்டின்னா ரைஸ் குக்கரே ஓடும், நான் நெப்ராஸ்கா முழுக்க தயிர் சாதத்துலயே கடந்தவன். ஐரோப்பால டிரெய்லர் பக்கவாட்டுல ஒரு பெட்டி தொங்கும், கதவை கீழ இறக்கினா அதான் மேடை, கேஸ் அடுப்பு, பாத்திரம், உப்பு மொளகா எல்லாம் உள்ள. ஞாயித்துக்கிழமை அதுல ரசம் வச்சேன். பக்கத்து வண்டி ருமேனியாக்காரர் தாளிப்பு வாசனைக்கு இறங்கி வந்து ஒரு டம்ளர் வாங்கி குடிச்சுட்டு, கண்ணுல தண்ணியோட, இதை காய்ச்சலுக்கா குடிப்பீங்கன்னு கேட்டார். ஆமான்னேன். அடுத்த வாரம் இருமிக்கிட்டே டம்ளரோட வந்துட்டார்.